முப்பத்தொன்றாம் வீட்டின் சுவர்

தாழைமேட்டுக்குப்பத்தில் வலைமுறைப் பட்டியலை முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் அடித்து மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டிய மறுநாள் காலையில், வடக்கு வரிசை ஏழாம் வீட்டு வனரோஜா அரிசி எடுக்க உள்ளே போனபோது, அரிசிப் பானைக்குப் பின்னால் சுவரில் ஒரு கதவு இருந்தது. கதவு புதிதாக இல்லை. அதன் நீலச் சாயம் மற்றக் கதவுகளைப் போலவே உப்புக் காற்றில் உரிந்திருந்தது, தாழ்ப்பாள் பல வருடம் கைபட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது, அடிப்பலகையில் ஒரு பூனை நுழைகிற அளவுக்கு மூலை உடைந்திருந்தது. வனரோஜா பானையை நகர்த்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அந்தப் பக்கம் தெற்கு வரிசை ஏழாம் வீட்டின் அடுப்படி இருந்தது. சம்பூரணம் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலையும், ஒரு தண்ணீர்க் குழாயும், வலை அறுத்த சண்டைக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசாத பல வருடங்களும் இருந்தன; அவை எல்லாம் அந்தக் கதவின் நிலைக்கட்டை அகலத்துக்குள் எங்கே போயின என்று இருவருக்கும் தெரியவில்லை. சம்பூரணம் நிமிர்ந்து பார்த்து, "ஒங்கூட்டு ஒல பொங்குது பாரு," என்றாள். வனரோஜா ஓடிப்போய் உலைமூடியைத் தள்ளிவைத்தாள். கதவைச் சாத்த வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று பொழுது ஏறுவதற்குள் வடக்கு ஒன்றாம் வீட்டிலிருந்து தெற்கு ஒன்றாம் வீட்டுக்கும், வடக்கு இரண்டாம் வீட்டிலிருந்து தெற்கு இரண்டாம் வீட்டுக்கும், இப்படியே முப்பதாம் வீடு வரைக்கும் கதவுகள் இருப்பது தெரிந்துவிட்டது. ஏன் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. பட்டியலில் ஒரே எண் இரண்டு வீட்டுக்கு இருந்தது, எண் ஒன்றாக இருந்தால் வீடும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று ஊர்த் தலைவரான நாட்டார் தேசிங்கு சொன்னார், அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

எண் இரட்டையாக வந்த கதை இதுதான். தாழைமேட்டில் பெரிய வலையைக் கரையிலிருந்து இறக்கி இழுப்பதற்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை உண்டு. முறைப் பட்டியலை வருடாவருடம் கையால் எழுதுவார்கள், வருடாவருடம் யார் பெயரை முதலில் எழுதுவது என்று வடக்கு வரிசையும் தெற்கு வரிசையும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மெஷினுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது, மெஷின் போடுகிற எண்ணை யாரும் தப்புச் சொல்ல முடியாது என்று யோசித்துத்தான் நாட்டார் இந்த வருடம் பட்டியலை மலர்க்கொடியின் மகள் தையல்நாயகியிடம் கொடுத்தார். அந்தக் குப்பத்தில் பட்டப்படிப்பு முடித்த முதல் ஆள் அவள். பி.காம் முடித்துவிட்டுப் பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டாள். தான் ஒரு தப்புப் பண்ணினால் படித்ததே தப்பு என்று ஊர் சொல்லிவிடும் என்கிற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது.

அவள் ஒன்று என்று அடித்து, புள்ளி வைத்து, முதல் பெயரை அடித்து என்டரைத் தட்டியதும், இனி நீ பெயரை மட்டும் சொல்லு, எண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் மெஷின் தானாகவே இரண்டு என்று போட்டுவிட்டுக் காத்திருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. வடக்கு வரிசையை முப்பத்தொன்று வரைக்கும் அடித்தாள். ஆண் இல்லாத வீடு வரிசையின் கடைசியில் வரும், செத்தவர் பெயரிலேயே வரும், முறை நாளில் வேறு யாராவது வலை இறக்கி அந்த வீட்டுக்கு அரைப் பங்கு கொடுப்பார்கள். அதனால் முப்பத்தொன்றாவதாக, கோவிந்தசாமி வீடு என்று தன் அப்பாவின் பெயரை அடித்தாள். அடுத்துத் தெற்கு வரிசையை அடிக்கப் போனபோது தெற்கு வரிசைக்காரர்கள் வந்து, வடக்கின் கீழே ஒட்டிக்கொண்டு நாங்கள் வர மாட்டோம், நடுவில் மாரியம்மன் படம் வைத்து, எங்களுக்குத் தனியாகத் தலைப்புப் போடு என்றார்கள். அவள் படம் வைத்தாள், தலைப்புப் போட்டாள். படத்தைத் தாண்டியதும் மெஷின் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. ஒன்றை அழித்து முப்பத்திரண்டு என்று அடிக்கப் பார்த்தாள். அந்த எண்ணின் மேல் கர்சர் ஏறவே இல்லை. எழுத்தாக இருந்தால் அழிக்கலாம்; அது எழுத்தாக இல்லை, மெஷினின் மனதில் இருந்தது. டவுனில் பிரிண்ட் எடுத்து வந்து, தெற்கு வரிசையின் எண்கள் தப்பு, பேனாவால் திருத்திவிடட்டுமா என்று நாட்டாரிடம் தலை குனிந்து கேட்டாள். வடக்குக்காரர்கள் பார்த்தார்கள், ஒன்றில் தங்கள் ஆள் இருந்தார். தெற்குக்காரர்கள் பார்த்தார்கள், ஒன்றில் தங்கள் ஏகாம்பரம் இருந்தார். அந்த வருடம் யாரும் துடுப்பைத் தூக்கவில்லை. இருக்கட்டும் பாப்பா, அழகாக இருக்கிறது என்று சொல்லி நாட்டார் மைதாப் பசை காய்ச்சச் சொல்லிவிட்டார்.

ஊர் கதவுகளுக்குப் பழகியது. ஒரு பக்கத்து டிவியை இரண்டு பக்கத்து அடுப்படியிலிருந்தும் பார்த்தார்கள். வடக்கே முட்டையிட்டுத் தெற்கே அடைகாத்த கோழியின் குஞ்சுகள் யாருக்கு என்று பஞ்சாயத்துக் கூடி, கோழி எண்ணுக்குச் சொந்தம், வரிசைக்குச் சொந்தம் இல்லை என்று முடிவு செய்தார்கள். மாமியாரோடு சண்டை போட்ட மருமகள்கள் முன்பெல்லாம் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போவார்கள், இப்போது கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்து மருமகள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். மாமியார்கள் இருவரும் எந்த மருமகளைத் திட்டுகிறோம் என்று பார்க்காமல் திட்டினார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் வடக்கு வரிசையில் நுழைந்து தெற்கு வரிசையில் வெளியே வந்து, வெயிலில் நடக்கிற தூரம் குறைந்ததைத் தவிர வேறு எதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஒரே எண்காரர்களுக்கு ஒரே நாளில் முறை வந்தது. பெரிய வலைக்கு எத்தனை கை இருந்தாலும் போதாது, அதனால் இரண்டு வீடும் சேர்ந்தே கயிற்றைப் பிடித்தார்கள், நெத்திலியும் மத்தியும் வலையின் மடி நிறைய வந்தன, குழம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது.

முப்பத்தொன்றாம் வீட்டில் மட்டும் சுவர் சுவராகவே இருந்தது. தெற்கு வரிசையில் வீடு முப்பதுதான். அதைத் தாண்டினால் தாழம்புதரும் மணலும்.

மலர்க்கொடிக்கு இதைப் பற்றிப் பேச நேரம் கிடையாது. அவள் விடியும் முன்பே ஏலத்துக்குப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, டவுன் தெருக்களில் மீன் மீன் என்று கூவி, பேரம் பேசி, பொழுது சாய வீட்டுக்கு வருகிறவள். ஆனால் ஒருநாள் மகள் தையல் பார்த்தபோது, பின்சுவரோடு ஒட்டி நின்ற டிரங்குப்பெட்டியை அம்மா இந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள், காலண்டரைக் கழற்றியிருந்தாள், சுவரை ஈரத்துணியால் துடைத்தும் வைத்திருந்தாள். பூச்சி அண்டுது என்று சொன்னாள். தையல் அந்தச் சுத்தமான சுவரைப் பார்த்தாள், ஊர் மேல் அவளுக்கு முதன்முதலாக எரிச்சல் வந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் முப்பதாம் வீட்டிலிருந்து வந்தது. வடக்கு முப்பதாம் வீட்டு எழிலரசி அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள், பன்னிரண்டோடு நின்றவள், பொழுது சாய்ந்தால் தையல் வீட்டுக்கு வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கால்களை ஆட்டிக்கொண்டு, ஊரில் ஒருவர் விடாமல் பேசிவிட்டுப் போகிறவள். தையலுக்கு வேறு சிநேகிதி கிடையாது. கல்லூரியில் சேர்ந்த பிறகு ஊர்ப் பெண்கள் அவளிடம் பேசும்போது ஒரு வார்த்தைக்கு இரண்டு தடவை யோசித்தார்கள், எழிலரசி மட்டும் யோசிக்காமல் பேசினாள். இப்போது எழிலரசியின் கதவு தெற்கு முப்பதாம் வீட்டுக்குத் திறந்தது. அங்கே காரைக்கால் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பவானி இருந்தாள். பவானிக்கு பிளவுஸ் தைக்கத் தெரியும், மருதாணிக் கோலம் வரையத் தெரியும், அவள் சிரித்தால் கூட இருப்பவர்களுக்கும் சிரிப்பு வரும். எழிலரசி வருவது ஒருநாள் விட்டு ஒருநாளானது, பிறகு வாசலில் நின்று பேசிவிட்டுப் போவதானது, பிறகு அதுவும் இல்லாமல் ஆனது. முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைக் கல் சுவர். சாயங்காலங்களில் தையல் பரீட்சைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். முதலில் பவானியின் சிரிப்பு கேட்கும், தொடர்ந்து எழிலரசியின் சிரிப்பு. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்காது.

அவள் போனில் தேடினாள். எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று உலகத்தில் எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள், எத்தனையோ பேர் பதில் சொல்லியிருந்தார்கள். எண்ணை அழிக்கப் பார்க்காதே, எண்ணின் மேல் மவுஸை வைத்து வலது பட்டனை அழுத்து, முன்னதைத் தொடர் என்று ஒரு வரி வரும், அதை அமுக்கு. அவ்வளவுதான். தெற்கு ஒன்றின் மேல் வைத்து அமுக்கினாள். ஒன்று முப்பத்திரண்டானது, இரண்டு முப்பத்து மூன்றானது, தெற்கு வரிசை முழுவதும் ஒரு கயிற்றை இழுத்ததுபோல் சரசரவென்று மாறி அறுபத்தொன்றில் போய் நின்றது. வீடு அறுபத்தொன்று, எண் அறுபத்தொன்று. மூன்று தடவை சரிபார்த்தாள். எங்கும் தப்பில்லை. ஒரு தப்பைத் திருத்துகிறோம், படித்தவள் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறோம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு கேட்டது. தான் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் டவுனில் பிரிண்ட் எடுத்து, யாரிடமும் கேட்காமல், பழைய தாளின் மேலேயே புதுத் தாளை ஒட்டினாள்.

கதவுகள் போய்விட்டன. சத்தமோ தூசியோ இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, அவ்வளவுதான். வனரோஜாவின் அகப்பை சம்பூரணத்தின் குழம்புச் சட்டியிலேயே நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வீட்டுக் குழந்தை அந்தப் பக்கத்துத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்ததால், அதன் தாய் சாலையைச் சுற்றிப் போய்த் தூக்கி வந்தாள். குழந்தை வழி நெடுக வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தது. யாரும் தையலைத் திட்டவில்லை. சாவி வைத்திருக்கிறவரிடம் வருவதுபோல் ஒவ்வொருவராக வந்து, என் உரல் அந்தப் பக்கம் இருக்கிறது, என் மாத்திரை அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் ஏகாம்பரம் ஏலக்கூடத்தின் முன்னால் நின்று தன் பெயருக்கு எதிரே முப்பத்திரண்டு என்று இருப்பதை வெகுநேரம் பார்த்தார். அடுத்த முறை நாளில் இரண்டு வரிசையும் தனித்தனி வலையோடு மணலில் இறங்கின, துடுப்புகள் தூக்கப்பட்டன, ஒருவருக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று, வலை இறங்காமல் மீன் கூட்டம் கரையோரமாகவே தெற்கே போய்விட்டது.

அன்று ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. தையல் எழுந்து நின்று, பட்டியல் என்றால் ஒரே ஒழுங்காகப் போக வேண்டும், அறுபத்தொரு வீட்டுக்கு அறுபத்தொரு எண், இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று கல்லூரியில் செமினார் கொடுத்ததுபோல் சொன்னாள். நாட்டார் கணக்கு சரிதான் என்று ஒப்புக்கொண்டார். தாங்கள் கேட்பது கணக்கு இல்லை என்றும் சொன்னார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து எழிலரசி எழுந்துவிட்டாள்.

"ஏன் தையலு, எண்ணு தப்புன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஒட்டுன அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் திருத்தல?"

"எப்படித் திருத்துறதுன்னு தெரியல. அப்பறந்தான் தேடிப் பாத்தேன்."

"அப்பறம்னா எப்ப? நான் ஒங்கூட்டுக்கு வாரத நிறுத்துனதுக்கு அப்பறமா?"

தையல் பொய் சொல்லிப் பழகாதவள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. ஊர் முழுக்க அவளுடைய மூடிய வாயைப் பார்த்தது. மலர்க்கொடியும் பார்த்தாள். பிறகு மலர்க்கொடி கூடையை எடுத்துத் தலையில் வைத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யாரிடம் என்று இல்லாமல் சொல்லிவிட்டு நடந்தாள்.

பட்டியல் பழையபடியே இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அன்று சாயங்காலம் தையல் லேப்டாப்பைத் திறந்து, தெற்கு முதல் எண்ணின் மேல் வைத்து, ஒன்றிலிருந்து தொடங்கு என்கிற வரியை அமுக்கினாள். முப்பத்திரண்டு ஒன்றானது, சரசரவென்று எல்லாம் திரும்பின, கடைசி வீடு முப்பதில் வந்து நின்றது. வேலை முடிந்தது. மூடியிருக்கலாம். அவள் கடைசிப் பெயரின் முடிவில் கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள், ஒருமுறை என்டரைத் தட்டினாள். மெஷின் முப்பத்தொன்று என்று போட்டுவிட்டுக் காத்திருந்தது.

எண்ணுக்கு எதிரே வெறும் இடம். கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கே என்ன பெயர் அடிப்பது? இல்லாத ஒரு வீட்டுக்கு ஒரு பெயரை உண்டாக்கி அடிப்பது பொய், அதை அவள் விரல் செய்யாது. பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் விடுவது பொய்யா என்று யோசித்தாள். மெஷின் போட்டது, நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான் என்று தீர்மானித்து அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டினாள்.

மறுநாள் எல்லா வீட்டிலும் கதவுகள் திரும்பி வந்திருந்தன. முப்பத்தொன்றாம் வீட்டின் துடைத்து வைத்த சுவரிலும் ஒன்று இருந்தது. மற்றக் கதவுகள் போல் இது பழையதாக இல்லை. மரத்தின் மணம்கூடப் போகவில்லை, தாழ்ப்பாளில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. தையல் அதைத் திறந்தாள். அந்தப் பக்கம் ஓர் அறை இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர், கரி படியாத அடுப்பு, துணி தொங்காத கொடி, கடல் தெரிகிற ஒரு ஜன்னல். வெளிக்கதவு இல்லை. வெளியே போய்த் தெற்கு வரிசையின் கோடியில் பார்த்தால் வழக்கம்போல் தாழம்புதரும் மணலும்தான் இருந்தன. அறையில் ஆள் யாரும் இல்லை. யாராவது இருப்பார்கள் என்று எதிர்பார்த்ததற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சேதி பரவி ஊர் பார்க்க வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார்கள். அந்தக் குப்பத்தில் எட்டுப் பேர் படுக்கிற அறை உண்டு, பத்துப் பேர் படுக்கிற அறை உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் ரகசியம் பேச வேண்டுமென்றால் படகு மறைவுக்குத்தான் போக வேண்டும். ஆள் இல்லாத அறை என்று ஒன்றை யாரும் அதுவரை பார்த்ததில்லை. கதவு வந்த அதிசயத்துக்கு வாய் பிளக்காதவர்கள் இதற்கு வாய் பிளந்தார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள், குரல் கொடுத்து எதிரொலி கேட்டுப் பார்த்தார்கள். திரும்பித் தங்கள் வீட்டுக்குப் போனபோது, அந்தப் பக்கத்து ஆட்களும் சேர்ந்து தங்கள் அடுப்படி எவ்வளவு நெரிசலாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. ஏகாம்பரம் புதிதாகக் கல்யாணமான தன் மகனுக்கு அந்த அறை ஆகும் என்றார். நாட்டார் ஊர் வலையை மழையில் நனையாமல் வைக்கலாம் என்றார். தையலுக்கு ஒரு வாரம் ஊரே தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுவது தெரிந்தது. பொறாமை எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால் அவர்கள் சிரித்துக்கொண்டு வந்தாலும் கண்டுபிடித்துவிட்டாள். அது அவளுக்கு இனிக்கவும் செய்தது.

எழிலரசியும் வந்தாள். ஏலக்கூடத்தில் கேட்டதையெல்லாம் மறந்துவிட்டவள்போல், பழையபடி குப்புறப் படுத்துக் காலை ஆட்டினாள், ஆனால் படுத்தது அந்தப் புது அறையில். பவானியும் தானும் சேர்ந்து ஒரு தையல் மெஷின் வாங்கப்போவதாகவும், அதை இங்கே இந்த ஜன்னலோரம் போட்டால் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றும் சொன்னாள். "நீயுந்தான் இரேன்டி, படிச்சுக்கிட்டே," என்றாள். நீயும் என்கிற அந்த வார்த்தை தையலுக்கு வலித்தது. ஆனாலும் அறையைக் கொடுத்தால் எழிலரசி தினமும் இந்த வீட்டு வழியாகத்தான் வந்து போக வேண்டும். சரி என்று சொல்லிவிட அவள் நாக்கு தயாராக இருந்தது.

சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அம்மா. முதல் நாளிலிருந்தே மலர்க்கொடி டவுனிலிருந்து திரும்பி, குளித்து, சாப்டியா என்று மகளிடம் கேட்டுவிட்டு, அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. சமைக்கவில்லை, தூங்கவில்லை, அழவும் இல்லை. வெகுநேரம் கழித்து வெளியே வரும்போது முகம் அப்போதுதான் கழுவியதுபோல் இருந்தது. தையல் தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம், ஒற்றைக் கல் சுவர் வழியாகச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது வேண்டும் என்றுதான் அவள் அந்தக் கதவை வரவழைத்தாள். இருந்த ஒருத்தியும் அதற்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாட்டாரும் ஏகாம்பரமும் ஊர்க்காரர்களும் முப்பத்தொன்றாம் வீட்டுக்கு வந்தார்கள். பெயர் இல்லாத எண் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் அது ஊருக்குப் பொது என்று நாட்டார் மெதுவாக எடுத்துச் சொன்னார். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை போட்டுக்கொள்ளலாம், பாப்பாவே அதற்கும் ஒரு பட்டியல் அடித்துவிடட்டும் என்றார். எழிலரசியும் பவானியும் கதவுப் பக்கம் நின்று தையலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல் சரி என்று சொல்ல எழுந்தாள்.

மலர்க்கொடி தரையில் உட்கார்ந்து கூடை வாருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள், நிமிராமலே, "பேர் இருக்கு," என்றாள்.

"யார் பேரு?" என்று நாட்டார் கேட்டார்.

"எம் பேரு. மலர்க்கொடி."

நாட்டார் சிரிக்கப் பார்த்து, விட்டுவிட்டார். "ஒன் வூடுதான் மேலயே இருக்கே ஆயி, கோவிந்தசாமி வூடுன்னு."

"அது அவரு வூடு. அதுல எம் மவ இருக்கட்டும். விடிஞ்சா ஏலத்துல சத்தம், பஸ்ஸுல சத்தம், தெருவுல நாந்தான் சத்தம் போடணும். எனக்குக் கதவு வந்திருக்கு. நான் யாருக்கும் முறை போட்டுக் குடுக்கறதா இல்ல."

சுவரில் கதவு முளைத்ததை ஒரே காலையில் ஏற்றுக்கொண்ட ஊர், இதை ஏற்றுக்கொள்ள மழைக்காலம் வரைக்கும் எடுத்துக்கொண்டது. பெண் பெயரில் குடும்பத் தலைக்கட்டு எழுதினால் வலை மடி கிழியும் என்றார்கள். பெண் பெயர் வந்தால் முழுப் பங்கு கேட்பாள் என்றார்கள். அது உண்மைதான், கேட்பேன் என்று மலர்க்கொடியும் சொன்னாள். வடக்கு ஏழும் தெற்கு ஏழும், வனரோஜாவும் சம்பூரணமும், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டே தங்கள் புருஷன்மாரிடம் என்ன சொன்னார்கள் என்பது வெளியே வரவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்களும் கூட்டத்தில் எழுந்து, ஒரு பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். பிறகு ஐந்தாம் எண்காரர்கள் சொன்னார்கள், பிறகு பதினெட்டு. கடைசியில் நாட்டார் மைதாப் பசை காய்ச்சச் சொன்னார்.

தையல் லேப்டாப்பைத் திறந்து, தெற்கு முப்பத்தொன்றுக்கு எதிரே கர்சரை வைத்து, மலர்க்கொடி வீடு என்று அடித்தாள். ஒற்று விட்டுப்போகவில்லை, கால் விட்டுப்போகவில்லை, மூன்று தடவை பார்த்தாள். அம்மாவின் பெயரை அவள் இதற்கு முன்னால் எத்தனையோ விண்ணப்பங்களில் அடித்திருக்கிறாள், எல்லாவற்றிலும் அது தாய் பெயர் என்கிற கட்டத்துக்குள் இருந்தது. இப்போது கட்டம் எதுவும் இல்லாமல் ஓர் எண்ணுக்கு எதிரே நின்றது. அதைப் பார்த்தபோது அவளுக்கு சந்தோஷம் வந்தது, அதற்கு முன்பே பொறாமை வந்திருந்தது. எழிலரசிக்கு பவானி இருந்தாள், அம்மாவுக்கு அம்மாவே இருந்தாள், செத்துப்போன ஒருவரின் பெயருள்ள வீட்டில் அவள் மட்டும் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

தையல் மெஷின் தெற்கு முப்பதாம் வீட்டு அடுப்படியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு வந்து இறங்கியது. எழிலரசி சில சாயங்காலங்களில் வந்தாள். வந்து, தையலிடம் என்னடி படிக்கிறியா என்று கேட்டுவிட்டு, நேரே உள்கதவுக்குப் போய் அத்தை என்று கூப்பிட்டாள். சில நாள் கதவு திறந்தது. பேச்சுச் சத்தம் கேட்டது, அம்மா சிரிப்பது கேட்டது. அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது தையலுக்குத் தெரியாது. சில நாள், இன்னைக்கு வேணாம்டி, நாளைக்கு வா என்று உள்ளிருந்தே பதில் வந்தது, எழிலரசி கோபப்படாமல் திரும்பிப் போனாள். கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன் என்பதுபோல் போனாள்.

அப்படி எழிலரசி திரும்பிப் போன ஒரு சாயங்காலம், தையல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து, உள்கதவின் முன்னால் போய் நின்றாள். தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கதவைத் தட்டுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தட்டினாள்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தன் கதவை யாராவது தட்ட, உள்ளே இருந்துகொண்டு யார் என்று கேட்கிற வாய்ப்பு அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை, அதை முழுதாகக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. தையலுக்கு அது புரிந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பரீட்சை அறையில் பெயர் கூப்பிட்டால் சொல்வதுபோல், "வடக்கு முப்பத்தொண்ணு. தையல்நாயகி," என்றாள். பிறகு, "வரலாமா?" என்று கேட்டாள்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பாயைச் சுருட்டுகிறாளோ, விரிக்கிறாளோ. தையல் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அம்மா அவசரப்படவில்லை.